எழுதாமல் விட்ட ஒரு பெயர்

சென்ற மாதம் வேலூரில் புதிய களப்பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்களில் யாராவது ஒருவர் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காட்பாடியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். தொழுநோய் ஒழிப்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் என்று அறிமுகம் செய்து சால்வை போட்டார்கள். தேமலை எந்த வெளிச்சத்தில் பார்ப்பது, நரம்பை எப்படித் தொடுவது, பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டில் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று ஒரு மணி நேரம் பேசினேன். கேள்வி நேரத்தில் நஸ்ரீன் என்ற பெண் எழுந்தாள். பேர்ணாம்பட்டுக்காரி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"சார், உங்க கையில தப்பிப்போன கேஸ் எதுனா இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கும்மா. எத்தனை பேரைப் பாக்குறோம்? ஒண்ணு ரெண்டு கண்ணுக்குத் தப்பத்தான் செய்யும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொன்னது பொய். என் கண்ணுக்கு அது தப்பவில்லை. பார்த்தேன், தொட்டேன், தெரிந்துகொண்டேன், பிறகு இல்லை என்று சொன்னேன். வகுப்பு நடத்தியவர்கள் நான் பேசியதை எழுதிக் கேட்டிருக்கிறார்கள், கையேட்டில் சேர்ப்பதற்காக. அந்தப் பேச்சை எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை எழுதித் தருகிறேன். சேர்ப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

நான் தொழுநோய் ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தவன். பின்னாளில் எங்களைச் சுகாதார ஆய்வாளர்களோடு சேர்த்துவிட்டார்கள். டெங்குக் கொசுவும் குடிநீர்த் தொட்டியும் எங்கள் தலையில் வந்து விழுந்தன. ஆனாலும் ஆம்பூர்ப் பக்கத்தில் என்னை 'தேமல் சார்' என்றுதான் சொல்வார்கள். பயிற்சியில் கற்றது கொஞ்சம். மிச்சத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மேற்பார்வையாளர் ஞானசேகரன் சார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கூட்டத்தில் யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால், அன்று மாலை தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, டீ முடியும்போது சொல்வார். வாங்கிக்கொண்டவனுக்குத் திட்டு வாங்கியதே வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும். நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். "நம்ம கை ஜில்லுனு இருந்தா அவங்க ஒடம்பு சுருங்கும். அப்புறம் நரம்பு கிடைக்காது" என்பார். அந்தக் காலத்தில் இந்த நோய் உள்ளவர்களை யாரும் தொடமாட்டார்கள். இவர் சூடான கையோடு தொடுவார். தொட்டவுடன் சிலர் அழுதுவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

முழங்கை நரம்பைப் பார்க்க அவர் கற்றுக்கொடுத்த முறை இது. நோயாளியை எதிரே உட்காரவைத்து, அவர் கையை மடக்கச் சொல்லி, மணிக்கட்டை நம் ஒரு கையில் தாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு கையின் விரல்களை முழங்கைக்குப் பின்னால் கொண்டுபோனால், உட்பக்கத்து எலும்பு முட்டுக்கும் பின்முட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். நரம்பு அதில்தான் ஓடுகிறது. அழுத்தக் கூடாது. விரல் நுனியால் மெதுவாக உருட்ட வேண்டும். நல்ல நரம்பு சன்னமான சரடு மாதிரி நழுவும். கெட்டது தடித்து, நழுவாமல் நிற்கும். சிலருக்கு வலிக்கும். இரண்டு கையையும் பார்த்து ஒப்பிட்ட பிறகுதான் எதுவும் சொல்ல வேண்டும்.

தேமலுக்கு வேறு முறை. பேனா முனையால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். முதலில் கண்ணைத் திறந்தபடி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. நல்ல தோலில் சரியாகக் காட்டுவார்கள். தேமலின் மேல் தொடும்போது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். நாம் இன்னும் தொடவில்லை என்று காத்திருப்பார்கள்.

கலைவாணி அப்படித்தான் காத்திருந்தாள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதம். ஆம்பூருக்கு வெளியே ஒரு காலனி. அங்கே பெண்கள் முக்கால்வாசிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். விடிந்ததும் கம்பெனி வேன் வந்துவிடும், இருட்டித்தான் திரும்புவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராம சுகாதாரச் செவிலியரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். கலைவாணிக்கு அப்போது இருபது வயது இருக்கும். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் மெஷின் ஓட்டுகிறாள். கைவேகம் உள்ள பெண், அவள் லைனில் அவளைத்தான் முதலில் உட்காரவைப்பார்கள் என்று அவள் அம்மா பெருமையாகச் சொன்னார். வலது முன்கையில், கைக்கடிகாரத்தின் முகப்பு அளவுக்கு ஒரு வெளிர்ந்த தேமல் இருந்தது.

"சொல்யூஷன் பட்டதுன்னு நெனச்சேன் சார். ஷூ ஒட்டுறது" என்றாள்.

வாசல் வெயிலுக்கு வரச் சொல்லிப் பார்த்தேன். பேனா முனையால் தொட்டேன். கண்ணை மூடிக் காத்திருந்தாள். மறுபடி தொட்டேன். சிரித்துக்கொண்டே, "இன்னா சார், தொடவே இல்ல?" என்றாள். முழங்கையைப் பார்த்தேன். இடது பக்கம் நரம்பு சரடு மாதிரி நழுவியது. வலது பக்கம் பென்சில் கனத்துக்கு நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

உடனே எதையும் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது என்பது எங்கள் பாடம். மறுநாள் எங்கள் ஆரம்ப சுகாதார சென்டருக்கு வரச் சொன்னேன், டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும் என்றேன். வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், ஒன்றும் இல்லைதானே என்று கேட்டாள். எதுவாக இருந்தாலும் மாத்திரையில் சரியாகிவிடும் என்றேன். அதுவரை நான் சொன்னதிலும் செய்ததிலும் தவறில்லை.

அன்று மாலை ஞானசேகரன் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். டீ வந்தது. எங்கள் பகுதியில் அந்த ஆண்டு புதிய நோயாளிகள் நன்றாகக் குறைந்திருந்தார்கள். மார்ச்சோடு ஆண்டுக் கணக்கு முடியும். மேலே இருந்தவர்களுக்கு அதில் சந்தோஷம். சாருக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. நல்ல பெயரோடு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது, எனக்கும் அந்த ஆசை இருந்தது. டீ முடியும்போது சொன்னார்.

"மார்ச் முடியட்டும்பா. கடைசி நேரத்துல ஒரு பேரை ஏத்த வேணாம். பொண்ணுக்கும் கல்யாணம்னு சொல்ற. ரெண்டு மாசத்துல இன்னா ஆய்டப்போவுது? ஏப்ரல்ல நானே வந்து பாக்கறேன்."

நான் "சரி சார்" என்றேன். இரண்டே சொல். அவர் என்னை மிரட்டவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால், அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரி என்றிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். அதனால்தான் பழியை அவர்மேல் போட எனக்கு வழியில்லை.

மறுநாள் கலைவாணி வருவதற்கு முன் நானே காலனிக்குப் போனேன். வேன் வரும் இடத்தில் நின்றிருந்தாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு சென்டருக்கு வர இருந்தாளாம். வர வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிட்டேன், வெறும் தேமல்தான் என்றேன். டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. பையிலிருந்து ஒரு ஆயின்மென்ட் டியூபை எடுத்துக் கொடுத்தேன். படை, அரிப்புக்குப் போடுகிற சாதாரண ஆயின்மென்ட். தினம் இரண்டு வேளை தடவச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும். வேனில் ஏறி, ஜன்னல் வழியாக எனக்குக் கைகாட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் முடிந்தது. ஏப்ரலில் என்னைக் காய்ச்சல் தடுப்பு வேலைக்கு வாணியம்பாடிப் பக்கம் போட்டார்கள். சார் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. இரண்டு முறை அந்தக் காலனி வழியாகவே பைக்கில் போனேன். ஒருமுறை பைபாஸ் ஓரத்தில் வேனுக்கு நின்ற பெண்கள் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். புதுத் தாலி, மஞ்சள் இன்னும் மங்காமல் இருந்தது. இப்போது போய் என்னவென்று சொல்வது என்று நினைத்தேன். கல்யாணமான புதிதில் புருஷன் வீட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் அவள் வாழ்க்கை என்ன ஆகும் என்று நினைத்தேன். அவளுக்காக நினைப்பதாகவே அப்போது நம்பினேன். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த ஆண்டு ஆனி மாதம், நான் ஆம்பூருக்கே திரும்பி வந்த பிறகு, சென்டருக்கு வந்தாள். இடுப்பில் மூன்று மாதப் பெண்குழந்தை. வலது கையைப் புடவைத் தலைப்பில் மறைத்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு இந்த நரம்புகள் சட்டென்று வீங்கிக் கெட்டுப்போவது உண்டு. எங்களுக்குப் பாடத்திலேயே அது இருக்கிறது. தலைப்பை விலக்கியபோது சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்பக்கமாக மடங்கி நின்றன. விரித்துப் பார் என்று டாக்டர் சொன்னார். அவள் முகத்தில்தான் முயற்சி தெரிந்தது, விரல்கள் அசையவில்லை. உள்ளங்கை ஓரத்தில் ஒரு தீக்காயம் இருந்தது. கஞ்சிப் பாத்திரம் சுட்டது தெரியவே இல்லை, தோல் பொசுங்கிய வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தேன் என்றாள்.

டாக்டர் இளம்பெண், சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கோபக்காரி அல்ல. அந்தக் கையைப் பார்த்ததில் அவருக்குத் தாங்கவில்லை. "இவ்ளோ நாள் இன்னாம்மா பண்ணிட்டு இருந்தே?" என்று கேட்டார்.

கலைவாணி என் பக்கம் திரும்பினாள். "போன வருஷமே சார்கிட்ட காட்னேனே டாக்டர். சார்தான் பாத்துட்டு ஆயின்மென்ட் கொடுத்தாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். பதினாறு மாதம் முன் என் வாயிலிருந்து வந்த பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ள அப்போது எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. வேலை போயிருக்காது. ஒரு விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

"அப்போ உணர்ச்சி நல்லா இருந்துச்சு டாக்டர். நரம்பும் நார்மல். மறுபடி வரச் சொல்லியிருந்தேன், வரல" என்றேன்.

டாக்டர் அவளைத் திட்டினார். படித்த பெண்தானே, சொன்ன தேதியில் வர வேண்டாமா, இந்தக் கை இப்படி ஆனதற்கு நீயேதான் காரணம் என்றார். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கலைவாணி தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் பதிவேட்டைப் பிரித்து அவள் பெயரை எழுதினேன். எவ்வளவு காலமாக அறிகுறி என்ற இடத்தில் மூன்று மாதம் என்று எழுதினேன்.

ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டாள், ஒரு நாள் தவறாமல். கிருமி போய்விட்டது. கை திரும்பவில்லை. எண்ணெய் போட்டு நீவச் சொன்னோம், விரல் மடங்காமலிருக்க மரச்சிம்பு வைத்துக் கட்டினோம். விரலுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போய் மாதக்கணக்கில் இருப்பது என்று தள்ளிப்போட்டவள் பிறகு போகவே இல்லை. கம்பெனியில் ஊசிக்குக் கீழே தோலைத் தள்ளிப் பிடிக்க அந்த இரண்டு விரல்கள் வேண்டும். அவளை மெஷினிலிருந்து எடுத்துக் கூட்டிப் பெருக்கப் போட்டார்கள். கொஞ்ச நாளில் நின்றுவிட்டாள். புருஷன் முருகன், தோல் பதனிடும் டேனரியில் பச்சைத்தோல் இறக்குகிறவர். நல்ல மனிதர். அவளை விட்டுவிடுவார் என்று நான் பயந்தது நடக்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பயத்தைச் சாக்காகச் சொல்லித்தான் நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினேன்.

ஞானசேகரன் சார் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் இறந்தும் போனார். அவரிடம் நான் இதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு நானும் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன்.

நஸ்ரீன் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்ன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். கலைவாணி அதே காலனியில்தான் இருக்கிறாள் என்று விசாரித்துவைத்திருந்தேன். டேனரிக்குப் போகும் சாலையில் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். நான் போனபோது, மேலே தொங்கிய ஷாம்பு பாக்கெட் சரத்தை அந்த மடங்கிய இரண்டு விரல்களால் கொக்கி போட்டு இழுத்து ஒரு அம்மாவுக்குக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஸ்டூல் எடுத்துப் போட்டாள். சோடா குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

அந்த அம்மா போகும்வரை காத்திருந்து சொன்னேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துவைத்த எதுவும் வரவில்லை. அன்றே உனக்கு நோய் இருப்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஆயின்மென்ட் கொடுத்தேன், டாக்டர் முன்னாலும் பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த சரத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

"தெரியும் சார்."

எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"அன்னிக்கே. டாக்டரம்மா திட்டுறப்போ நீங்க ரிஜிஸ்டரையே பாத்துட்டு இருந்தீங்க. தப்பு என்னுதா இருந்தா நீங்களும் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பீங்க."

"அப்புறம் ஏம்மா என்னைக் கேக்கல? ஒரு வருஷம் மாசாமாசம் வந்தியே."

"கேட்டா, அப்புறம் மாத்திரை யாரு சார் குடுப்பா? உங்க கையாலதான வாங்கணும்? கைல புள்ளைய வச்சுகிட்டு உங்களப் பகைச்சிக்க முடியுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. இட்லி மாவு என்ன விலை என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த ஒரு வருடமும் அவள் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னது, மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு "வர்றேன் சார்" என்றது எல்லாவற்றையும் நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். விஷயம் அவளுக்குத் தெரியாது என்று பாதி மனசும், தெரிந்தும் பெரிதுபடுத்தவில்லை என்று மீதி மனசும் நினைத்துக்கொண்டிருந்தது. அவள் பயந்துகொண்டிருந்தாள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. நோயாளிகளின் பயத்தைப் போக்குவது எப்படி என்று வகுப்பெடுத்தவன் நான்.

அவள் பெண் உள்ளேயிருந்து வந்தாள். பதினான்கு வயது, பெயர் திவ்யா. ஒன்பதாம் வகுப்பு. மூன்று மாதக் குழந்தையாக நான் பார்த்தவள். அம்மாவுக்கு மருந்து தொடங்கும் முன் அந்த மூன்று மாதமும் அவள் மார்பிலேயே கிடந்த குழந்தை. இந்தக் கிருமி உடம்பில் வருடக்கணக்கில் ஓசையில்லாமல் இருக்கும். வீட்டில் உள்ளவர்களை வருடம் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். திவ்யாவை நான் இரண்டு வருடம் பார்த்தேன். அப்புறம் அந்த வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை.

"பொண்ணை நான் ஒரு தடவை பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

கலைவாணி பெண்ணைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"வேணாம் சார். நீங்க பாத்து இல்லைன்னு சொன்னா நான் அதை எப்படி நம்புறது? வேற யாரையாவது அனுப்புங்க."

அங்கேயே நின்று, வகுப்பில் வாங்கிவைத்திருந்த நம்பரில் நஸ்ரீனுக்குப் போன் செய்தேன். விஷயத்தை முழுவதும் சொன்னேன். மறுநாள் காலையிலேயே வருகிறேன், நீங்களும் வாருங்கள் என்றாள்.

மறுநாள் ஸ்கூட்டியில் வந்தாள். திவ்யாவை வீட்டின் பின்பக்கத்து முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே வெயில் நன்றாக விழும். கலைவாணியும் கூடப் போனாள். நான் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு மட்டும் கேட்டது. கண்ண மூடு, தொட்டா காட்டு, இங்க, இப்போ இங்க. அப்புறம் சிறிது நேரம் பேச்சே இல்லை. மறுபடி, கண்ண மூடிக்கோ திவ்யா, இன்னொரு தபா.

அந்த இன்னொரு தபாவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதுகில், பள்ளிக்கூடச் சட்டை மறைக்கும் இடத்தில், ஒரே ஒரு தேமல். நரம்புகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று நஸ்ரீன் வந்து சொன்னாள். ஆரம்ப நிலை, டாக்டர் பார்த்து உறுதி செய்ததும் ஆறு மாதம் மாத்திரை, தழும்புகூட இல்லாமல் போய்விடும் என்று தாயிடமும் பெண்ணிடமும் நிதானமாக விளக்கினாள். நான் விளக்குவதைவிட நன்றாகவே விளக்கினாள். அன்று வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த முருகன், யாரிடமிருந்து வந்தது என்று கேட்டார். அதைத் திட்டமாகச் சொல்ல முடியாது, காற்றில் யாரிடமிருந்தும் வந்திருக்கலாம் என்றாள் நஸ்ரீன். அது உண்மை. அந்த உண்மைக்குள் போய் உட்கார்ந்துகொள்ள எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது.

கலைவாணி அழவில்லை. நஸ்ரீனின் பையைக் காட்டி, "பேரை எழுதிக்கோம்மா. இங்கயே, என் கண்ணு முன்னாலயே எழுது" என்றாள். இப்போது பதிவேடு இல்லை, போனில்தான் பதிவது. நஸ்ரீன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே பதிந்தாள். எத்தனை நாளாக என்ற இடம் வந்தபோது கலைவாணியைக் கேட்டாள். தெரியாது, தெரியாது என்றே போடு என்றாள் கலைவாணி.

நான் புறப்பட எழுந்தேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. திவ்யா அம்மாவின் காதருகே போய், ஆனால் எனக்குக் கேட்கும்படியாகவே, "இவரு யாரும்மா?" என்று கேட்டாள்.

கலைவாணி என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில வேலை செஞ்சவரு. உன்னைச் சின்ன வயசுல பாத்திருக்காரு" என்றாள்.